கதை மாந்தரின் ஊர்

கதை மாந்தர் நடமாடிய இடங்களைத் தேடிச் செல்வது தமிழ் வாசகரிடையே வேரூன்றிய வழக்கம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. வந்தியத்தேவன் குதிரையில் வந்த வீராணம் ஏரிக்கரைக்கும், பூங்குழலி படகு செலுத்திய கோடிக்கரைக்கும், குந்தவை வாழ்ந்த பழையாறைக்கும் அதைப் படித்தவர்கள் இன்றும் போகிறார்கள். சுஜாதாவின் ‘ஸ்ரீரங்கத்து தேவதைகள்’ படித்தவர்கள் சித்திரை வீதிகளில் நடந்து, ரங்கு கடை எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று பார்க்கிறார்கள். பூங்குழலி என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. அப்படியிருக்க, அவள் ஊர் என்று ஓர் ஊர் எப்படி இருக்க முடியும்?

இதைத் தல யாத்திரையின் மங்கிய சாயல் என்று சொல்லிவிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் நெடுஞ்சாலையில் துவாக்குடி இருக்கிறது. அங்கே இறங்குபவர்களில் சிலர், சம்பந்தர் இடர் களைய வேண்டிப் பதிகம் பாடிய திருநெடுங்களத்துக்குப் போகிறவர்கள். அதே பேருந்தில் இறங்காமல் தஞ்சாவூர் வரை சென்று, பிறகு பழையாறைக்குப் போகும் வாசகரும் இருக்கலாம். நெடுங்களத்தில் இறைவன் இப்போதும் இருக்கிறான், கேட்டால் செவிசாய்ப்பான் என்பது அடியாரின் உறுதி. வாசகருக்கு அப்படி ஒரு நம்பிக்கை கிடையாது. பூங்குழலி கற்பனை என்று தெரிந்தே அவர் கோடிக்கரைக்குப் போகிறார். அவரிடம் இருப்பதைக் குறைந்த பக்தி என்று அளப்பது, இல்லாத ஒன்றை அளப்பதாகும்.

இல்லாததைப் பற்றிப் பேச முடிவது எப்படி என்ற கேள்வி இந்தியத் தத்துவத்தில் பழையது. முயற்கொம்பும் ஆகாயப் பூவும் அதற்கு வழக்கமான உதாரணங்கள். 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பர்த்ருஹரி ‘வாக்கியபதீய’த்தில் இருப்பை இரண்டாகப் பிரித்தார்: பொருளுக்கு வெளியுலகில் உள்ள இருப்பு ஒன்று, சொல்லின் வழியாக மனத்தில் அமையும் இருப்பு மற்றொன்று. இரண்டாவது இருப்பதால்தான் முயற்கொம்பு இல்லை என்று மறுக்கவாவது முடிகிறது. பூங்குழலிக்கும் அந்த இருப்பு உண்டு. ஆனால் மனத்தில் இருப்பவளைக் காண ஒருவர் ஏன் ரயிலேற வேண்டும் என்பதற்கு இதில் விடை இல்லை.

விடை தொல்காப்பியத்தில் கிடைக்கிறது. அகப்பாடலில் தலைவனையோ தலைவியையோ இயற்பெயரால் சுட்டக்கூடாது என்பது அதன் விதி. அவர்கள் இன்னார் என்று காட்ட முடியாதவர்கள். ஆனால் அவர்கள் நிற்கும் நிலமும் அவர்கள் வருந்தும் பொழுதும் முதற்பொருள். ஆட்களை அடையாளமின்றி விட்டு, மலையையும் காட்டையும் கடற்கரையையும் துல்லியமாகத் தீட்டிய மரபு இது. கூடல் குறிஞ்சிக்கு, காத்திருத்தல் முல்லைக்கு, இரங்கல் நெய்தலுக்கு என்று உணர்ச்சிகள் நிலங்களில் குடியேற்றப்பட்டன. நிறைவேறாத காதலோடு கடலைப் பார்த்து நிற்கும் பூங்குழலி நெய்தல் நிலத்தின் மகள். கோடிக்கரைக்குப் போகும் வாசகர் அவளைத் தேடுவதில்லை. அவள் துயரத்துக்கு இடம் கொடுத்த அலையையும் உப்புக்காற்றையும் தேடுகிறார். அவை கற்பனையல்ல. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் விழுந்தது. அதன் பிறகும் வாசகர்கள் வருவது நின்றுவிடவில்லை.

ஸ்ரீரங்கம் இன்னும் நுட்பமான இடம். ரங்கநாதர் கோயிலுக்குள்ளேயே துலுக்க நாச்சியார் சந்நிதி இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பில் டெல்லிக்குப் போன உற்சவர் மீது காதல் கொண்டு, பின்னாலேயே வந்து சேர்ந்த சுல்தானின் மகள் என்று கோயில் மரபு அவளைச் சொல்கிறது. சிலையாக அல்லாமல் சுவர் ஓவியமாக அவள் இருக்கிறாள். அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டி நிவேதனமாகிறது. வரலாற்றாசிரியர் சான்று கேட்பார், அது அவர் வேலை. அங்கே கைகூப்புபவருக்கு அந்தக் கேள்வியே எழுவதில்லை. அதே ஊரில் ரங்கு கடையைத் தேடுபவர் கைகூப்புவதில்லை, சிரித்துக்கொண்டே நடக்கிறார். பாட்டி வீட்டில் வளர்ந்த சுஜாதா, பார்த்த மனிதர்களையும் புனைந்தவர்களையும் பிரிக்க முடியாதபடி கலந்து எழுதியதால், அந்த வீதிகளில் எது நிஜம் என்று நடப்பவருக்கு நிச்சயமாகத் தெரியாது. சந்நிதியில் நிற்பவரையும் வீதியில் நடப்பவரையும் ஒரே தராசில் வைப்பது இருவருக்கும் நியாயமாகாது.

இடம் உணர்ச்சிக்கு நிலமாக இருப்பதோடு நிற்காமல், சான்றாகவும் காட்டப்படும்போதுதான் பிழை நேர்கிறது. இத்தாலியின் வெரோனாவில் ஜூலியட்டின் வீடு என்று காட்டப்படும் கட்டடத்துக்கு அந்தப் புகழ்பெற்ற மாடம் 20ஆம் நூற்றாண்டில்தான் பொருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கு நேர்மாறான வாய்ப்பு இருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக ரவிதாசன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய உறவினர் வரை நிலம் பறிக்கப்பட்டதையும் பதிவு செய்கிறது. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் நந்தினி கல்கியின் படைப்பு, அந்தக் கல்லில் அவள் இல்லை. ஆனால் அவளைப் படித்த ஒருவர்தான் வீராணம் ஏரியைப் பார்த்த கையோடு உடையார்குடிக்கும் வந்து, அந்தச் சுவரின் முன் நின்று ரவிதாசன் பெயரை எழுத்துக்கூட்டுகிறார்.