தக்கனவும் தகுதியும்

நீரில் வாழும் மீனுக்குச் செட்டையும் பூக்களும், மரத்தைத் துளைத்து இரைதேடும் மரங்கொத்திக்கு உளியையொத்த அலகும் அமைந்திருத்தலைக் கண்டு வியவாதார் இலர். இவ்வியப்பே, கடிகாரத்தைக் கண்டோர் அதனைச் செய்தோனை ஊகித்தல்போல உயிரினங்களின் அமைப்பிலிருந்து படைத்தோனை ஊகிக்கலாம் என 1802 இல் வில்லியம் பேலியை வாதிடச் செய்தது. 1859 இல் வெளிவந்த சாள்ஸ் டார்வினின் 'இனங்களின் தோற்றம்' அவ்வாதத்தின் அடித்தளத்தைத் தகர்த்தது. சூழலுக்கேற்ற சிறு வேறுபாடுகளை உடையவை கூடுதலான சந்ததிகளை விட்டுச் செல்ல, ஏனையவை குறைந்து செல்லும். பன்னூறு தலைமுறைகளில் அவ்வேறுபாடுகள் திரண்டு இசைவாக்கமாகின்றன. இதற்கு முன்கூட்டிய நோக்கம் எதுவும் வேண்டியதில்லை. ஆயினும், படைப்போனை விலக்கிய இச்சிந்தனை தீர்ப்பு வழங்குவோனையும் விலக்கியதா என்பது வேறு வினா.

இவ்வினா எழுதற்கு ஒரு தொடரே பெரிதும் காரணமாகும். டார்வினுடையதெனப் பலரும் கருதும் அத்தொடரை 1864 இல் ஆக்கியவர் ஹேபேட் ஸ்பென்சர். டார்வின் அதனைத் தமது நூலின் 1869 ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். தமிழில் அது 'தக்கன பிழைக்கும்' என வழங்குகின்றது. மொழிபெயர்ப்புச் செப்பமானதே. ஆனால், தமிழில் 'தக்கார்' எனப்படுவோர் ஒழுக்கத்தால் உயர்ந்தோர். 'தகாது' என்பது செய்யக்கூடாதது. எனவே, தக்கன பிழைக்கும் எனக் கற்கும் மாணவனின் உள்ளத்தில், பிழையாதவை தகாதவை என்னும் எண்ணமும் உடன்புகுந்துவிடுகின்றது. பாடநூல் எழுதியோர் இதனைக் கருதியிருக்கமாட்டார். உயிரியலில் அச்சொல் குறிப்பதோ, குறித்த ஒரு சூழலில், குறித்த ஒரு காலத்தில், சந்ததியை விட்டுச்செல்லும் ஆற்றலை மாத்திரமே.

நியூசிலாந்தின் காக்காப்போ என்னும் கிளியை இங்கு நோக்கலாம். மவோரி மொழியில் அப்பெயருக்கு 'இராக்கிளி' என்பது பொருள். உலகின் கிளிகளுள் மிகப் பாரமானதும், பறக்கமாட்டாததும் இதுவாகும். மனிதர் சென்று சேருமுன் அத்தீவுகளில் வௌவால்களைத் தவிர நிலவாழ் முலையூட்டிகள் இருக்கவில்லை. ஆபத்து வானிலிருந்தே வந்தது. இன்று அற்றுப்போன பெருங்கழுகு முதலிய ஊனுண்ணிப் பறவைகள் கண்ணால் இரை தேடுவன. ஆதலின் பாசியின் நிறத்தையொத்த இறகும், பகலில் மறைந்து இரவில் உலாவும் பழக்கமும், அச்சமுற்றவிடத்து ஓடாது அசைவற்று நிற்கும் இயல்பும் அக்கிளிக்குச் சாலப் பொருந்தின. அதன் உடலிலிருந்து எழும் இனிய மணத்தால் அக்காலத்தில் தீங்கு விளையவில்லை.

13 ஆம் நூற்றாண்டளவில் வந்த மவோரியருடன் எலியும் நாயும் வந்தன; பின்னர் ஐரோப்பியருடன் பூனையும் வேறு எலியினங்களும் வந்தன. குடியேறியோர், தாம் கொண்டுவந்த முயல்களே பெருகிப் புல்வெளிகளை அழிக்கக் கண்டு, அவற்றை ஒடுக்குதற்கென 1880 களில் ஸ்ரோற் எனப்படும், கீரியையொத்த சிறு ஊனுண்ணியை இறக்குமதி செய்தனர். மோப்பத்தால் வேட்டையாடும் இவ்விலங்கின்முன் அசையாது நிற்றல் சாவுக்கு உடன்படுதலாயிற்று. கிளியின் உடலில் ஓரிறகேனும் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த உலகு மாறிவிட்டது. 1894 இல் றிசொலூஷன் தீவின் காப்பாளராக அமர்ந்த றிச்சாட் ஹென்றி, பெருநிலத்திலிருந்து சில நூறு பறவைகளைப் படகேற்றிக் கொண்டுசென்று அத்தீவிற் சேர்த்தார். 1900 இல் ஸ்ரோற் அங்கும் நீந்திச் சென்றடைந்தது.

1995 இல் எஞ்சியிருந்த காக்காப்போக்கள் 51 மாத்திரமே. ஸ்ருவேட் தீவிலே பூனைகளுக்குத் தப்பியவை, 1980 களிலும் 1990 களின் தொடக்கத்திலும் சிறுதீவுகளுக்கு மாற்றப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, முதுகில் வானொலிக் கருவி பொருத்திப் பேணியதன் விளைவாக 2022 இல் தொகை 252 ஆக உயர்ந்தது. பேணுதலும் எளிதாயிருக்கவில்லை. பெண்பறவைகளுக்கு மேலதிக உணவு கொடுத்தபோது ஆண்குஞ்சுகளே மிகுந்தன. தாயின் நிறையை நோக்கி உணவை அளந்து கொடுக்கவேண்டியதாயிற்று.

இத்தகைய முயற்சி தகுமா என வினவுவோர் உளர். மனிதனின் துணையின்றி வாழமாட்டாத பறவையை இயற்கை ஒதுக்கிவிட்டது. அதனைத் தாங்கிப்பிடித்தல் இயற்கை நியதிக்கு மாறு என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இது அறிவியல் போலத் தோன்றும். உண்மையில் இங்கு 'தக்க' என்னும் சொல் உயிரியலிலிருந்து அறவியலுக்கு ஒலியின்றித் தாவியுள்ளது. இவ்வாறு உள்ளது என்பதிலிருந்து இவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது பெறப்படாது என ஹியூம் 18 ஆம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். 1893 இல் ஒக்ஸ்போட்டில் ஆற்றிய உரையில் தோமஸ் ஹக்ஸ்லி இதனை வேறுவழியில் விளக்கினார். புவி மீண்டும் குளிர்வதாயின் மிகத் தக்கவையாக எஞ்சுவன பாசிபோலும் எளிய உயிர்களாகவே இருக்கலாம். அதனால் அவை மேம்பட்டனவாகிவிடா. டார்வினின் கொள்கைக்காக வாழ்நாளெல்லாம் போராடிய ஒருவரே இதனைக் கூறினார் என்பது கருதத்தக்கது. ஸ்பென்சரோ, வறியோருக்கு அரசு உதவுதலையும் எதிர்த்தார். கிளியைக் கைவிடக் கூறும் வாதம் மனிதரைக் கைவிடவும் பயன்பட்டது என்பதனால், இதனை விலங்கியலாரின் தனிப்பட்ட சிக்கலென ஒதுக்குதற்கில்லை.

எனினும் எதிர்வாதத்தின் வலிய பகுதி வேறொன்றாகும். பொருத்தம் மதிப்பைத் தாராதெனின், பொருத்தமான ஸ்ரோற்றைக் கொன்று பொருத்தமிழந்த கிளியைக் காப்பது எவ்வாறு நியாயமாகும்? ஸ்ரோற்றும் தன் இயல்புக்கேற்பவே வாழ்கின்றது. அது கடல்கடந்து தானாக வரவுமில்லை. கிளி அழகியது, அரியது என்னும் விடைகள் போதா. அழகும் அருமையும் காண்போரின் மதிப்பீடுகள். கிளியின் உலகை மாற்றியோர் மனிதர் என்பதனால், அவர்களுக்கு அதன்பால் ஒரு கடன் உண்டு என்பதே நிலைக்கக்கூடிய விடை. ஆனால் அக்கடனை ஏற்போர், ஸ்ரோற்றையும் அதே மனிதர்தாம் கொண்டுவந்தனர் என்பதை மறத்தலாகாது. 2050 ஆம் ஆண்டுக்குள் ஸ்ரோற், எலி, பொசம் ஆகியவற்றை நாடெங்கிலுமிருந்து அகற்றுதல் வேண்டுமென நியூசிலாந்து அரசு 2016 இல் இலக்கு வகுத்தது. இலக்குத் தேவையானதாகவே இருக்கலாம். அதன் பொருட்டு இறப்பவை குற்றத்துக்காக இறக்கவில்லை என்பது ஒப்புக்கொள்ளப்படின், அவற்றைத் தீயவையெனப் பிள்ளைகளுக்குப் போதித்தலும், நெடுநேரம் வதைத்துக் கொல்லும் பொறியையும் நஞ்சையும் மலிவு கருதிப் பயன்படுத்துதலும் நியாயமாகா.