இளையோர்க்காக வாதாடுதல்

பாண்டியன் அவையிலே கோவலனுக்காகப் பேச ஒருவருமிலர். கண்ணகி வழக்குரைத்தபோது உண்மை வென்றது. ஆனால் கோவலன் மீளவில்லை. குற்றஞ் சாட்டப்பட்டோன் சார்பிலான வாதம் தீர்ப்புக்கு முன்னரே ஒலித்தல் வேண்டும்.

இலங்கையில் இளையோர் வழக்குகளுக்கெனக் கட்டளைச் சட்டம் ஒன்று 1939இல் இயற்றப்பட்டது. வறியோர்க்குச் சட்டத்தரணியை அளிக்கும் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோன்றியது. ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அச்சட்டத்தரணி உரைக்கவேண்டியது சிறுவனின் விருப்பத்தையா, அவனுக்கு நன்மையெனத் தாம் கருதுவதையா?

திருகோணமலைத் துறைமுகத்திலே களவுக் குற்றஞ் சாட்டப்பட்ட 15 வயதுச் சிறுவன் ஒருவனைக் கருதுவோம். அவன் வீடு செல்ல விரும்புகின்றான். சீர்திருத்தப் பாடசாலையே நன்று என்பர் பிறர். அவனது நன்மையை ஆராய நீதவான் உளர்; நன்னடத்தை உத்தியோகத்தர் உளர். சட்டத்தரணியும் அவர்களோடு சேர்ந்துகொண்டால் அவன் சொல்லை எடுத்துரைப்பார் யார்?

நன்மை செய்யும் நோக்கமும் தீங்காய் முடிதல் உண்டு. 1964இல் அமெரிக்காவின் அரிசோனாவில், ஆபாசத் தொலைபேசி அழைப்புக்காக 15 வயதுச் சிறுவன் ஒருவன், வழக்கறிஞர் துணையின்றி விசாரிக்கப்பட்டு, 21 வயதுவரை தடுத்துவைக்கப்படக்கூடியவாறு சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டான். வளர்ந்தோர்க்கு அக்குற்றத்துக்கான உச்சத் தண்டனை 50 டொலர் தண்டம் அல்லது இரு மாதச் சிறையே. கோல்ட் வழக்கு எனப்படும் இதில், சிறுவர்க்கும் வழக்கறிஞர் துணை உரித்தென 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சிறுவன் தனக்குக் கேடானதையும் விரும்பக்கூடும் என்பது மெய்யே. அதனைத் தனியே இடித்துரைப்பது சட்டத்தரணியின் கடன். மன்றிலே அவனது குரலாய் நிற்பதும் அவர் கடனே. தன் சொல்லும் கேட்கப்பட்டது என்றறிந்த சிறுவனே நீதியை மதிக்கக் கற்பான்.