பிரார்த்தனையின் கணக்கு

எங்கள் தாராசுரத்து ஸ்தல புராணத்தில் பிரார்த்தனை சுலபமான விஷயம். துர்வாசர் சாபத்தால் வெண்மையை இழந்த ஐராவதம் இங்கே வந்து குளத்தில் மூழ்கி ஈசுவரனை வேண்டிற்று, நிறம் திரும்பிவிட்டது. மனிதர்களின் கணக்கு அவ்வளவு சீக்கிரம் தீருவதில்லை. எல்லா மதத்தாருக்கும் இது பொதுதான். ஆனாலும் சபையாகக் கூடி, பெயர் சொல்லி, ஒருவருக்காக மற்றவர்கள் வேண்டிக்கொள்ளும் வழக்கம் கிறிஸ்தவர்களிடம் ஆழமாக வேரூன்றியது. ஆகவே கேள்வியும் அங்கே கூர்மையாக எழுகிறது: ஜெபத்தால் ஏதாவது மாறுகிறதா?

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் பொங்கி வந்தபோது வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குள் பூசையில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். கடற்கரையில் நின்ற யாத்திரிகர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள். மாதா காப்பாற்றினாள் என்று பிழைத்தவன் சொன்னால் அது நன்றி; அதில் நாம் குறுக்கே பேசக் கூடாது. அதையே சித்தாந்தமாக்கினால்தான் சங்கடம். மணலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் என்ன சொல்வது? அவளும் அதே மாதாவைத் தேடி வந்தவள்தானே?

அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் இருதய அறுவை செய்துகொண்ட 1802 பேரை மூன்று பிரிவாக வகுத்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஜெபம் நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று இரண்டு பிரிவினரிடம் சொல்லி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஜெபித்தார்கள். ஜெபம் பெற்றவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கும், பெறாதவர்களில் 51 பேருக்கும் சிக்கல் நேர்ந்தது. உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவிலோ 59 பேருக்கு! நாஸ்திகர்கள் இதைக் கண்டு சந்தோஷப்படலாம். எனக்கு வேறொரு விவரம்தான் உறுத்துகிறது. ஜெபித்தவர்களிடம் நோயாளியின் முதற்பெயரும் ஓர் எழுத்தும்தான் கொடுக்கப்பட்டன. முகம் தெரியாது, வீடு தெரியாது. போய்ப் பார்க்கவும் வழியில்லை.

ஏசுநாதரே கேட்டுக் கிடைக்காதவர். கெத்சமனித் தோட்டத்தில், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று வேண்டினார், நீங்கவில்லை. அதே இரவில் சீடர்களிடமும் ஒன்று கேட்டார்: என்னோடு விழித்திருங்கள் என்று. அவர்கள் தூங்கிப்போனார்கள். பிதா மறுத்ததற்கு மீட்பு என்று காரணம் சொல்ல வேத சாஸ்திரிகளால் முடிகிறது. நண்பர்கள் தூங்கியதற்கு அலுப்பைத் தவிர வேறு காரணம் கிடையாது. வானத்தின் மௌனத்தைப் பற்றி நாம் எழுப்பும் கேள்வியில் பாதி, பக்கத்தில் தூங்குகிறவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

விழித்திருந்தவர்களும் இருக்கிறார்கள். நாவல் எழுதும் நாங்கள் எல்லோரும் மூதாதையாக வணங்குகிற மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற தாது வருஷப் பஞ்சத்தில், பஞ்சம் தீர வேண்டும் என்று அவர் கடவுளை நோக்கிக் கீர்த்தனைகள் பாடினார். பாடிய கையோடு கஞ்சித்தொட்டியும் வைத்தார். அந்தக் கொடையைக் கோபாலகிருஷ்ண பாரதியாரே பாடிப் புகழ்ந்தார். பாட்டுக்கு மழை பெய்ததா என்று கேட்பது ஒரு விதம். பசித்தவனுக்குச் சோறு கொடு என்று கடவுளிடம் உரக்கச் சொன்ன மனிதர், அப்புறம் தம் வீட்டுக் குதிரைப் பூட்டிக்கொண்டு உட்கார முடியுமா என்று கேட்பது இன்னொரு விதம்.

அப்படியானால் ஜெபம் வெறும் சமூக சேவைக்கு முன்னுரைதானா, கடவுள் எதற்கு என்று பக்தர்கள் கோபிக்கலாம். நியாயமான கோபம். சேவை செய்தும் காப்பாற்ற முடியாத இடம் ஒன்று உண்டு. வைத்தியர் கைவிரித்த படுக்கையருகே மனிதனுக்கு மிஞ்சுவது வேண்டுதல் ஒன்றுதான். அதை யாரும் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் படுக்கையருகே வந்து உட்கார்ந்தவன் வேண்டுவதற்கும், தூர இருந்து உதட்டால் வேண்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கத்தோலிக்கப் பூசையில் விசுவாசிகளின் மன்றாட்டை 1963-ல் வத்திக்கான் சங்கம் மறுபடி கொண்டுவந்தது. இன்ன தெருவில் இன்னார் நோயாகக் கிடக்கிறார் என்று அங்கே வாசிக்கும்போது, செய்தி கடவுளுக்குப் புதிதல்ல; அவருக்கு முன்பே தெரியும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேருக்குத்தான் அது செய்தி. பூசை முடிந்து அவர்களில் நாலு பேராவது அந்தத் தெருவுக்குத் திரும்பினால், ஜெபம் ஒரு வீட்டில் ஏதோ செய்திருக்கிறது. ஒருவரும் திரும்பவில்லையென்றால், பதில் சொல்லாதவர் கடவுள்தான் என்று அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது.