சொறி

எங்கள் மகளுக்கு நாலு வயதாக இருந்தபோது அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியை மிதித்து உடைத்துவிட்டாள். டேகெயாரில் பழக்கியிருந்தபடி உடனேயே "சொறி அம்மம்மா" என்றாள். ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மாமி பதறிப்போய்ப் பிள்ளையின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "எங்கை பிள்ளை, எவடத்திலை கடிக்குது?" நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை. கண்ணாடி உடைந்ததை அவ கவனித்ததே பிறகுதான்.

அந்த ஆங்கிலச் சொல்லை நாங்கள் அப்படித்தான் எழுதுகிறோம். தமிழ்நாட்டார் 'சாரி' என்று எழுத அது சேலையாகிவிடுகிறது. யாழ்ப்பாணத்தார் எழுத அது தோல்வியாதியாகிவிடுகிறது. விசித்திரம் என்னவென்றால், மாமியின் காதுதான் சொல்லின் வேருக்குக் கிட்டப் போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் நோவையும் புண்ணையும் குறித்த ஒரு சொல்லிலிருந்துதான் இது பிறந்தது. துக்கத்தைக் குறிக்கும் 'சொறோ' என்ற சொல்லோடு உறவுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு. அமெரிக்கர் 'சாறி' என்று சொல்ல, கனடியர் முதலெழுத்தை இழுத்து 'சோறி' என்கிறார்கள். அந்த இழுவையில் 'சோர்' என்ற பழைய புண் இன்னும் கேட்கிறது. ஆக, சொல்லின்படி பார்த்தால், 'எனக்கு நோகிறது' என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. எதிரில் நிற்பவர் அதற்குள் இல்லை. அவரிடம் எதுவும் கேட்கப்படவுமில்லை.

1991இன் கடைசியில் ரொறொன்ரோவுக்கு வந்து, வெலஸ்லியில் ஐந்து பேரோடு ஓர் அறையில் இருந்து, இரவில் கோப்பை கழுவிய காலத்தில் எனக்குப் பிடிபட்ட முதல் ஆங்கிலச் சொல் இதுதான். பஸ்ஸில் நான் ஒருவரின் காலை மிதித்தால் அவர் என்னிடம் சொறி சொன்னார். மிதிபட்டவர் ஏன் சொல்கிறார் என்று விளங்க எனக்குப் பல மாதங்கள் எடுத்தன. காது கேட்காவிட்டால் சொறி. சனத்துக்குள்ளே வழி வேண்டுமென்றால் சொறி. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், கதவை முக்கால்வாசி திறந்து என் முகத்தைப் பார்த்தபின் ஒரு சொறி. வேலை கேட்டுப் போனால், கனடிய அனுபவம் இல்லையே என்று இன்னொரு சொறி. கதவு சாத்தும் சத்தத்துக்கு முன்னால் வருகிற சத்தம் என்றே அந்நாட்களில் அதை அறிந்து வைத்திருந்தேன். இதே சொல்லைப் பெயருக்கு முன்னால் போட்டுவிட்டால் கேவலமான, பரிதாபமான என்று பொருளாகிவிடும் என்பதை, எங்கள் குசினியைப் பார்த்து முதலாளி சொன்னபோது தெரிந்துகொண்டேன்.

2003இல் ஊரில் அப்பா செத்துப்போனார். போக முடியவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனபோது, கூட வேலை செய்த போர்த்துக்கேயப் பெண் என் தோளைத் தொட்டு "ஐ ஆம் சோ சொறி" என்றாள். இங்கிலிஷ் வகுப்பில் பாடமாக்கிய மறுமொழி என் வாயில் தானாக வந்தது: "இற்ஸ் ஓகே." பரவாயில்லை என்று சொல்லிவிட்டேன், என் தகப்பன் செத்ததற்கு! அன்று முழுவதும் பெட்டி அடுக்கியபடி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. தனக்கும் நோகிறது என்றுதான் சொன்னாள். சொல் தன் பழைய இடத்துக்குப் போய் நின்ற தருணம் அது. அதற்கு மறுமொழி தேவையில்லை.

எங்களிடம் இதற்கு நேரான சொல் இருக்கவில்லை. அம்மாவிடம் நான் ஒருநாளும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பா. கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். விருந்தினருக்குச் சோறு போட்டபின் "குறை நினையாதேங்கோ" என்போம். கதை பேச்சில்லாமல் பதினைந்து வருடம் இருந்த சகோதரங்கள், ஒரு செத்தவீட்டில் வந்து பாடையில் கை வைப்பதோடு எல்லாம் முடிந்துபோகும். பெரிய பிழை என்றால் மட்டும், "பொறுத்துக்கொள்ளுங்கோ." அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பொறுத்தல் என்றால் சுமத்தல். நான் செய்த பிழையின் பாரத்தை, அதனால் அடிபட்ட நீயே தூக்கிக்கொள் என்று கேட்பது. எவ்வளவு பெரிய கேள்வி! வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரமே தந்திருக்கிறார். பத்துக் குறளும் அடிபட்டவனை நோக்கியவை. அடித்தவன் எப்படிப் போய்க் கேட்கவேண்டும் என்பதற்கு 133 அதிகாரங்களிலும் தனியாக ஓர் அதிகாரம் இல்லை. இது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படும்.

ஒன்ராறியோவில் அதற்குச் சட்டமே உண்டு. 2009இல் கொண்டுவந்த 'மன்னிப்புச் சட்டத்தின்'படி, ஒருவர் சொறி சொன்னார் என்பதை வைத்துச் சிவில் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று காட்ட முடியாது. வைத்தியரும் வாகனக்காரரும் நட்டஈட்டுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்பது நோக்கம். குற்றவியல் வழக்குகளுக்கு இது பொருந்தாது. நல்ல சட்டம்தான், எத்தனையோ குடும்பங்களுக்கு ஒரு வார்த்தையாவது கிடைத்திருக்கும். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பயமில்லாமல் சொல்லலாம் என்பதற்காக, சொல்லிலிருந்து பொறுப்பைக் கழற்றி வைத்துவிட்டார்கள்.

அரசாங்கங்கள் சொல்லும்போது கதை வேறு. 1988 செப்ரெம்பர் 22இல் பிரதமர் மல்றோனி, இரண்டாம் உலகப் போரில் வீடும் படகும் பறிக்கப்பட்டு அடைத்து வைக்கப்பட்ட யப்பானியக் கனடியரிடம் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர். 2006இல் சீனர்களிடம், தலைவரிக்காக. 2008 யூன் 11இல் பூர்வகுடிப் பிள்ளைகளிடம், வதிவிடப் பாடசாலைகளுக்காக. இவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கொமகாட்டா மாறு. 1914 மே 23இல் 376 பயணிகளோடு வன்கூவருக்கு வந்த கப்பல். பெரும்பாலும் பஞ்சாபிச் சீக்கியர். இரண்டு மாதம் கரையேற விடாமல் வைத்திருந்து, யூலை 23இல் திருப்பி அனுப்பினார்கள். 2008 ஓகஸ்ரில் பிரதமர் ஹார்ப்பர் சறே நகரத்துப் பூங்கா ஒன்றில், திருவிழாக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அவர் போன கையோடு, இதை ஏற்கமாட்டோம், பாராளுமன்றத்தில் கேட்கவேண்டும் என்று மேடையிலேயே அறிவித்தார்கள். 2016 மே 18இல் ட்றூடோ பாராளுமன்றத்தில் கேட்டார். 'ஒரு சொல்லை எங்கே நின்று சொன்னால் என்ன' என்று அப்போது என் நண்பர்கள் சிலர் நக்கலடித்தார்கள். எனக்கு அது நக்கலாகப் படவில்லை. பிழை பதிவாகியிருக்கும் புத்தகத்திலேயே மன்னிப்பும் பதிவாகவேண்டும் என்று அந்தச் சீக்கியர்கள் கேட்டார்கள்.

நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். 58, 77, 81, 83, 2009 என்று ஆண்டுகளின் பட்டியலோடு முப்பது நாற்பது வருடமாகக் காத்திருக்கிறோம். 83 யூலைக்காகச் சந்திரிகா குமாரதுங்க 2004 யூலையில் மன்னிப்புக் கேட்டார். ஸ்காபரோவில் நானறிந்த ஒருவரும் அதைப் பெரிதாகக் கதைத்ததாக ஞாபகமில்லை. கேட்கப்படவேண்டிய மன்னிப்புகளில் எங்கள் கவனம் முழுவதும் இருந்துவிட்டது. கேட்கவேண்டியவை எங்களிடமும் இருந்தன.

1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். கையில் நூற்றைம்பது ரூபாயும் ஒரு மாற்று உடுப்பும். வடமாகாணம் முழுவதிலுமாக எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலுக்குள் போய் விழுந்தார்கள். 2002 ஏப்ரலில், கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம், நடந்தவற்றை மறப்போம், மன்னிப்போம் என்ற கருத்துப்படப் பேசினார். தமிழர் தாயகம் முஸ்லிம்களுடையதும்தான் என்றும் சொன்னார். அந்த 'மன்னிப்போம்' என் காதில் இடறியது. 'மன்னியுங்கள்' என்பதற்கும் 'மன்னிப்போம்' என்பதற்கும் இடையில் இருக்கிற தூரம், யாழ்ப்பாணத்துக்கும் புத்தளத்துக்கும் இடையில் இருக்கிற தூரம்.

பாலசிங்கத்தை இலக்கணத்தில் பிடித்துவிட்டேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

போன குளிர்காலத்தில், மார்க்கம் வீதியில் இரத்தம் கொடுக்கப் போய்க் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் ரெலிபோனில் கதைத்த தமிழ் எங்கள் ஊர்த் தமிழ் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. கதைத்து முடிய, "யாழ்ப்பாணமோ?" என்று கேட்டேன்.

"ஓம். ஐஞ்சுசந்தியடி. ஒஸ்மானியாவில படிச்சன்."

"தொண்ணூறிலையோ..."

"தொண்ணூறிலதான். பதினாறு வயசு எனக்கு."

பிறகு புத்தளம், பிறகு சவூதி, பிறகு இங்கே. சாதாரணமாகச் சொன்னார். என்னிடமிருந்து என்ன வந்தது தெரியுமா? "ஐ ஆம் சொறி." முப்பத்தைந்து வருடமாகத் தமிழில் எழுதுகிற மனுசன் நான். ஐந்துசந்திக்காரரிடம் கொக்குவில்காரன் இங்கிலிஷில் சொன்னேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு ஏன் சொறி? நீங்களோ துவக்கோட நிண்டனீங்க?"

"இல்லை" என்றேன்.

அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லித் தப்பிக்கொண்டேன். நாங்கள் அப்போது கொக்குவிலில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பொருளாதாரத் தடையால் மரமும் சீமெந்தும் இல்லை. சோனகத்தெரு வீடுகளின் கதவும் யன்னலும் ஓடும் விலைக்கு வந்தன. 91ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அப்பா இரண்டு கதவு வாங்கி வந்தார். நல்ல தேக்கு. அம்மாதான் முகத்தைச் சுழித்தா. "நாங்கள் வாங்காட்டி வேறை ஆரும் வாங்குவினம்" என்றார் அப்பா. அவர் கெட்ட மனுசனில்லை, பாடசாலை வாத்தியார். ஒரு கதவில் 786 என்று அச்சடித்த கடதாசி ஒன்று ஒட்டியிருந்தது. ஒரு மத்தியானம் முழுக்க இருந்து அதைப் பிளேட்டால் சுரண்டி எடுத்தவன் நான். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. என்ன செய்கிறேன் என்று தெரியாத வயதில்லை.

1995 ஒக்ரோபர் 30. அதே திகதி, ஐந்து வருடம் கழித்து. இராணுவம் வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் மழைக்குள்ளே வீதியில் இறங்கியது. அப்பாவும் அம்மாவும் சாவகச்சேரிக்குப் போனார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்துவிட்டு அப்பா எழுதிய கடிதத்தில், ஓடு பாதி இல்லை, கதவுகள் இரண்டையும் ஆரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றிருந்தது. அறையில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டி, "எங்கடை கதவைக்கூட விடேல்லை, பாருங்கோ" என்று கத்தினேன். எங்கடை கதவு. அதைச் சொன்னதை நான் கவனிக்கவேயில்லை. அந்தக் காத்திருப்பறையில், அவர் என்னைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். எழும்ப முதல் ஒரு துண்டில் ரெலிபோன் நம்பரை எழுதித் தந்து, ஒரு நாளைக்கு வீட்டை வாங்க என்றார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவவுக்குச் சம்மதமில்லை. "அது அவரின்ரை கதவோ? இல்லையெல்லோ. ஆரின்ரையோ கதவுக்கு அவர் எப்பிடி உங்களை மன்னிக்கிறது? பரவாயில்லை எண்டு சொல்ல வேண்டிய இக்கட்டில அந்த மனுசனைக் கொண்டுபோய் விடப்போறியள். உங்கடை பாரத்தை இறக்கி அவரின்ரை தலையில வைக்கப்போறியள்."

அவ சொன்னதில் நியாயம் இருக்கிறது. சொந்தக்காரர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. வேறொருவர் அவருக்காகப் பொறுத்துக்கொள்ள முடியாது. ஆகவே நான் பொறுக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. சொறி என்றும் சொல்லப்போவதில்லை. அதை ஒருமுறை சொல்லியாகிவிட்டது. வாங்கினோம், சுரண்டினேன், எங்களுடையது என்று கத்தினேன் என்பதை மட்டும், ஊர்த் தமிழில், என் வாயால் சொல்லலாம். அந்தக் கதவு யாருடையது என்று அவருக்கோ அவருடைய ஆக்களுக்கோ தெரியவும் கூடும். சோனகத்தெரு சின்ன இடம்.

"சொல்லாமல் விட்டால் ஆருக்கு லாபம்?" என்று மனைவியிடம் கேட்டேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட எழும்பிப் போனா.

வருகிற சனிக்கிழமை அவருக்கு ரெலிபோன் எடுப்பதாக இருக்கிறேன்.