அடையாளமும் தீர்ப்பும்

பிறந்த குழவியின் வலக்காதில் பாங்கு சொல்லப்படுங்கால், அழுதுகொண்டிருந்த அது சற்றே அடங்கிச் செவிமடுப்பதைச் சில இல்லங்களில் காணலாம். பெரியோர் அதனைப் பரக்கத்தென்று மகிழ்வர். மருத்துவரும் அதில் ஒரு பொருளைக் காண்கின்றனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1973இல் வெளியிட்ட சிசு நடத்தை அளவையில், குரல் வந்த திசைக்குத் திரும்புதலும் ஒரு சோதனையே. உறங்கும் சிசுவின் அருகே கிலுகிலுப்பையை ஆட்டுவது மற்றொன்று. முதலில் திடுக்கிடும் சிசு, ஒலி தொடரத் தொடர அதனைப் பொருட்படுத்தாது துயில்கிறது. வேண்டாததை விலக்கும் ஆற்றலை எவ்வளவு இளமையில் இறைவன் அருளியுள்ளான்!

மறைவானவற்றின் ஞானம் அல்லாஹ்வுக்கே உரியதாயிருக்க, தொட்டிற் பிள்ளையின் பிற்காலத்தை ஆராய்வது ஈமானுக்கு முரணாகாதா என்று வினவுவார் உளர். ஆகாது என்பதே நம் துணிபு. கருமேகம் கண்டு மழையை எதிர்பார்ப்பவன் கைபை அறிந்ததாக வாதிடுபவன் அல்லன். அடையாளம் வேறு, தீர்ப்பு வேறு. பிரேசல்டனும் ஒரு நாட் சோதனையோடு அமையாது, பல நாள் நோக்கி மாற்றத்தின் போக்கை அறிய வேண்டுமென்றே கருதினார். 1952இல் வெர்ஜீனியா ஆப்கார் வகுத்த பத்துப் புள்ளிக் கணக்கோ, பிறந்த கணத்தின் நிலையை அறிதற்கே உரியது. அதைக் கொண்டு ஒரு பிள்ளையை மந்தமென முத்திரையிடுவதும், தாயைப் பழிப்பதும் அநீதியாகும்.

ஆயினும் சில அடையாளங்கள் வலியவை. நிறைமாதக் கணக்கில் மூன்றாம் மாத அளவில், விழித்து அமைதியாக மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் சிறு சிறு நெளிவுகள் தோன்றும். ஹைன்ஸ் பிரெக்டல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இவற்றை நுணுகி ஆராய்ந்தனர். குறைமாதத்தில் பிறந்தும், பிறக்கையில் மூச்சுத் திணறியும் இடருற்ற பிள்ளைகளிடம் இந்நெளிவுகள் அறவே இல்லையெனின், பின்னர் மூளை முடக்குவாதம் தோன்றும் வாய்ப்பு மிகுதி. இதனைக் காணக் கருவி எதுவும் பிள்ளையின் மேனியில் படுவதில்லை. பயின்ற கண்கள் சில நிமிடம் பார்த்தால் போதும். வளரும் மூளை பயிற்சிக்கு இணங்கும் பருவமும் அதுவே. அப்பருவத்தைக் கடத்திவிட்டு, ‘தவக்குல் வைத்தோம்’ என்பது ஒட்டகத்தைக் கட்டாதவன் கூற்று.

நம் இல்லங்களில் அழாத பிள்ளையைச் ‘சாது’ என்று புகழும் வழக்கமும் உண்டு. பசித்து அழுவது பிள்ளையின் இயல்பு. எழுப்பியும் எழாது, பால் குடிக்க முயலாது துவண்டு கிடக்கும் சிசு நோயுற்றிருத்தல் கூடும். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பேறுகாலத் தாய் அதைச் சொல்லும்போது, நாற்பது கழியட்டும் என்று அவள் வாயை அடைப்போர்க்கு அந்த அமானிதத்தைப் பற்றிய கேள்வி உண்டு.