நித்திரையும் திதியும்

உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நலமாயிருப்பதே ஆரோக்கியம் என்கிறது 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம். ஆன்மீகத்தையும் அதில் சேர்க்கலாமென 1998இல் அதன் நிறைவேற்றுச் சபை முன்மொழிந்தது. சாசனம் இன்றும் மாறவில்லை.

எங்களுக்கோ நித்திரைதான் பிரச்சினை. நள்ளிரவில் கோப்பை கழுவி முடித்து அறைக்கு வந்தால் ஊர் முகங்கள் வரிசையாய் வரும். வைத்தியர் தியானம் செய்யச் சொல்கிறார். செய்கிறோம்; மூச்சு சீராகிறது. உடனே ஒரு குற்றவுணர்வு: அவர்களை மறந்துதானா இந்த அமைதி?

ஊரில் தகப்பனை இழந்தவர் ஆடி அமாவாசையில் கீரிமலையில் நீராடி விரதமிருப்பார். தாயை இழந்தவருக்குச் சித்திரா பௌர்ணமி. துக்கத்துக்கென ஒரு நாளும் ஒரு படையலும் ஒதுக்கிவைத்தார்கள். மற்ற நாட்களில் தோட்டத்துக்குப் போக அது பலம் தந்தது.

காணாமற்போனவருக்கு எந்த நாளை ஒதுக்குவது? விரதமிருந்தால் செத்தாரென ஒப்புக்கொண்டதாகும், இராவிட்டால் கைவிட்டதாகும்.

நாங்கள் தியானத்தை விடவில்லை. மூச்சை எண்ணுமுன் அவர்களின் பெயர்களை ஒருமுறை சொல்லிக்கொள்கிறோம். நித்திரை சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத இரவையெல்லாம் நோயென்று சொல்ல எங்களுக்கு மனமில்லை.