பொட்டு வைத்த அச்சுப்படத்தின் மதிப்பு

ஒரே அச்சுக் கற்களிலிருந்து ஆயிரக்கணக்கில் பிறந்த தெய்வப் படங்களுள் ஒன்று அரும்பொருளாகக் கருதப்படுவது எதனால் என்னும் கேள்வி, கலைச் சந்தைக்கு உரியதாகத் தோன்றினாலும், உண்மையில் உருவ வழிபாட்டின் அடித்தளத்தைத் தொடுவதாகும். வரையறுத்த பதிப்பு என்பது, இத்தனை படிகளே அச்சிடப்படும் என முன்னரே உறுதிசெய்து, ஒவ்வொன்றின் அடியோரத்திலும் கலைஞர் பென்சிலால் எண்ணிட்டுக் கையொப்பமிடும் முறை; அங்கே மதிப்பு அருமையிலிருந்து பிறக்கிறது. ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய கல்லச்சுக்கூடமோ, இலக்குமியும் சரசுவதியும் எளியோர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர வேண்டுமென்று படங்களைப் பெருக்கியது. பின்னர் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு மாறிய அக்கூடம் 1972-இல் தீக்கு இரையானதும், எஞ்சிய படங்கள் எண்ணிடப்படாமலேயே அரியவை ஆயின.

இறைவன் பிற இடங்களில் பாலில் நெய்போல் மறைந்தும், திருவுருவங்களில் தயிரில் நெய்போல் விளங்கியும் நிற்கிறான் என்பது சைவ சித்தாந்தம். அவ்விளக்கத்தை ஏற்றால், படிகள் பெருகுவதால் தெய்வத்தன்மை பங்கிடப்பட்டுக் குறைவதில்லை. குறைவது விலை மட்டுமே.

எனினும் மதிப்பீடு செய்வோரின் கண் வேறொன்றைத் தேடுகிறது. ஓரம் வெட்டப்படாத தாள், அச்சகத்தின் பெயர், வெளுக்காத வண்ணம் ஆகியவற்றுக்கு ஏற்றமும், விளக்குப் புகைக்கும் ஈரத்தால் வந்த பழுப்புப் புள்ளிக்கும் இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைக்கும் இறக்கமும் தரப்படுகின்றன. இவ்வளவுகோல் பிழையானதன்று, ஆனால் பூசையின் தடத்தைச் சேதம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பெரும்பிழை.

முழுவடிவச் சிற்பத்தைச் சித்திரம் என்றும், பாதி புடைத்ததைச் சித்திரார்த்தம் என்றும், சுவரிலோ துணியிலோ தீட்டியதைச் சித்திராபாசம் என்றும் சிற்ப நூல்கள் பகுக்கின்றன. நீர் பட்டால் அழியும் தீட்டிய உருவத்தை நேரே நீராட்டாமல், எதிரே வைத்த கண்ணாடியில் விழும் பிம்பத்துக்கு அபிடேகம் செய்யும் வழக்கம், வழிபாடும் பாதுகாப்பும் பகைகள் அல்ல என்பதை அழகாகக் காட்டுகிறது. வீட்டுப் படத்தின் கண்ணாடியும் அத்தகையதே: திருவுருவின் நெற்றிக்கு நேராக, பல கைகள் பல ஆண்டுகள் வைத்துக் கெட்டிப்பட்ட சந்தனமும் குங்குமமும் அதன்மேல் நிற்க, அடியிலிருக்கும் தாள் கறைபடாமல் இருக்கிறது.

ஆகவே பராமரிப்பில் முதலில் மாற்ற வேண்டியது, காலப்போக்கில் அமிலம் கசிந்து தாளைப் பழுப்பாக்கும் பின்புற மரப்பலகையே. அமிலமற்ற அட்டையில், கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு, வெயிலும் ஈரச்சுவரும் இல்லாத இடத்தில் படத்தை மாட்டலாம். தாளிலேயே குங்குமம் படிந்திருந்தால் அதைக் கழுவ முயலலாகாது. பழைய கண்ணாடியைக் கழற்ற நேர்ந்தால், பொட்டைத் துடைக்காமல், அதைப் படத்தோடு சேர்த்தே பாதுகாப்பது உரிமையாளரின் கடமை.